வாசகர் கேள்வி – பதில்: வர்த்தமானியில் வந்த விதியைப் பாராளுமன்றத்தில் மறுப்பது எப்படி?

அமைச்சர்கள் வர்த்தமானி மூலம் வெளியிடும் ஒழுங்குவிதிகளையும் கட்டளைகளையும் பற்றிக் கொழும்பு வாசகர்கள் எழுதிய கடிதங்களை ஒன்றாக வைத்துப் படித்தபோது, அவை பெரும்பாலும் ஒரே விடயத்தைச் சுற்றியே அமைந்திருந்தன. பாராளுமன்றம் நேரடியாக இயற்றாத ஒரு விதியைப் பாராளுமன்ற உறுப்பினர் ஒருவர் எதிர்ப்பதாயின், அந்த எதிர்ப்பை எந்த முறையில், எந்த ஏட்டில் பதிவு செய்ய முடியும், அப்படிப் பதிவு செய்வதால் விளைவது என்ன என்பனவே அவர்களின் வினாக்கள். ஆகவே இம்முறை பகுதி முழுவதையும் இந்த ஒரு விடயத்துக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: சட்டமூலம் ஒன்று வந்தால் முதலாம் வாசிப்பு, இரண்டாம் வாசிப்பு, குழுநிலை என்று பத்திரிகைகள் விரிவாக எழுதுகின்றன. ஆனால் "இன்ன சட்டத்தின் கீழான ஒழுங்குவிதி வாக்கெடுப்பின்றி நிறைவேறியது" என்ற செய்தி மட்டும் ஒற்றை வரியில் முடிந்துவிடுகிறது. அவையில் இருந்த எல்லோரும் அதை ஏற்றுக்கொண்டார்கள் என்றுதான் நாம் விளங்கிக்கொள்ள வேண்டுமா?
— ஓய்வுபெற்ற ஆசிரியை, வெள்ளவத்தை

பதில்: அப்படி விளங்கிக்கொள்ள வேண்டியதில்லை. வாக்கெடுப்பைக் கோரி எவரும் எழுந்து நிற்கவில்லை என்பது மட்டுமே அந்த ஒற்றை வரியிலிருந்து நிச்சயமாகத் தெரியவருவது.

பின்னணியைச் சுருக்கமாகக் கூறுகிறேன். சட்டவாக்க அதிகாரத்தைப் பாராளுமன்றம் கைதுறக்கவோ பிறருக்குப் பராதீனப்படுத்தவோ கூடாது என்று நமது அரசியலமைப்பின் 76ஆவது உறுப்புரை கூறுகிறது. ஆனால் குறித்த நோக்கங்களுக்காகத் துணைநிலைச் சட்டங்களை ஆக்கும் அதிகாரத்தை ஒருவருக்கோ ஒரு குழுவுக்கோ சட்டத்தின் மூலம் வழங்குவது அவ்வாறு கைதுறந்ததாகாது என்றும் அதே உறுப்புரை அனுமதிக்கிறது. இந்த அனுமதியின் மீதுதான் நாட்டின் அன்றாட நிருவாகத்தின் பெரும் பகுதி நடக்கிறது. இறக்குமதி உரிமம், விலைக் கட்டுப்பாடு, கட்டண வீதம், உணவுப் பொதிகளின் சுட்டுத்துண்டு, மோட்டார் வாகனங்களுக்கான நிபந்தனைகள் எனக் குடிமக்களை நேரடியாகத் தொடும் விதிகளுள் பெரும்பாலானவை சட்டமூலமாக வருவதில்லை. அமைச்சரின் கையொப்பத்துடன் வர்த்தமானியில்தான் வருகின்றன.

இவ்வகை அதிகாரத்தை வழங்கும் இலங்கைச் சட்டங்களில் ஏறத்தாழ ஒரே அச்சில் வார்த்தது போன்ற ஒரு பிரிவைக் காணலாம். அமைச்சர் ஆக்கும் ஒழுங்குவிதி வர்த்தமானியில் வெளியிடப்பட வேண்டும். வெளியிடப்பட்ட திகதியிலோ அதில் குறிப்பிடப்பட்ட பிந்திய திகதியிலோ அது நடைமுறைக்கு வரும். வசதியான அளவு விரைவில் அங்கீகாரத்துக்காகப் பாராளுமன்றத்தின் முன் கொண்டுவரப்பட வேண்டும். அங்கீகரிக்கப்படாதவிடத்து, அங்கீகரிக்கப்படாத திகதியிலிருந்து, அதன்கீழ் முன்னர் செய்யப்பட்ட எதற்கும் பங்கமின்றி, அது நீக்கப்பட்டதாகக் கருதப்படும். இந்தப் பிரிவைச் சொல் சொல்லாகப் படிக்குமாறு வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன், ஏனெனில் ஒரு பாராளுமன்ற உறுப்பினரின் எதிர்ப்புக்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்பதும், அந்த இடம் எவ்வளவு தாமதமாகத் திறக்கிறது என்பதும் இதற்குள்ளேயே அடங்கியிருக்கின்றன.

அங்கீகாரத்துக்கான பிரேரணை ஒழுங்குப் பத்திரத்தில் இடம்பெறும் நாளில், வெவ்வேறு சட்டங்களின் கீழான பல ஒழுங்குவிதிகள் சேர்த்தே விவாதிக்கப்படுவது வழக்கம். விவாதம் முடிந்ததும் சபாநாயகர் வினாவை விடுப்பார். ஆதரிப்போரும் எதிர்ப்போரும் குரல் எழுப்புவர். எந்தப் பக்கத்தின் குரல் மேலோங்கியது என்பதைக் கொண்டு அவர் முடிவை அறிவிப்பார். அந்தக் கட்டத்தில் உறுப்பினர் ஒருவர் வாக்கெடுப்பைக் கோரினால், வாக்கெடுப்பு மணி ஒலித்து, இலத்திரனியல் முறையிலோ பெயர் கூறி அழைக்கும் முறையிலோ வாக்குகள் எடுக்கப்பட்டு, யார் எந்தப் பக்கம் என்பது பாராளுமன்ற விவாதங்களின் அறிக்கையான ஹன்சாட்டில் பெயர் பெயராக அச்சாகும். இலத்திரனியல் பொறி தம் வாக்கைப் பதிவு செய்யாவிட்டால், எழுந்து நின்று வாய்மொழியாகத் தம் வாக்கைக் கூறும் உறுப்பினர்களை நேரடி ஒளிபரப்பில் நீங்கள் கண்டிருக்கக்கூடும். அந்த ஒரு வாக்கு முடிவை மாற்றப்போவதில்லை என்று தெரிந்தும் அவர்கள் அப்படிச் செய்வதற்குக் காரணம், பதிவில் தம் பெயர் விடுபடக் கூடாது என்பதுதான்.

கோராவிட்டால் இவற்றில் எதுவும் நடப்பதில்லை. விவாதத்தில் அரை மணிநேரம் கடுமையாக எதிர்த்துப் பேசிய ஒருவர், வினா விடுக்கப்படும் நேரத்தில் மௌனமாக இருந்துவிட்டால், அவருடைய பேச்சு ஏட்டில் இருக்கும். அவருடைய மறுப்பு வாக்கு இருக்காது. பேச்சை எப்படி வேண்டுமானாலும் பின்னர் விளக்கிக்கொள்ளலாம், வாக்கை அப்படி விளக்க முடியாது. துணைநிலை விதிகளைப் பொறுத்தவரை நம் உறுப்பினர்கள் இந்த உரிமையை மிகவும் குறைவாகவே பயன்படுத்துகிறார்கள் என்பது என் உறுதியான கருத்து.

இவ்விதிகள் சிறியவை என்ற எண்ணம் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். அந்த எண்ணம் எவ்வளவு தவறானது என்பதற்கு 2021 மே 6ஆம் திகதிய 2226/48ஆம் இலக்க அதிவிசேட வர்த்தமானி ஒன்றே போதும். 1969ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க இறக்குமதி, ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழான அந்த ஒழுங்குவிதிகள்தான் இரசாயன உர இறக்குமதியைத் தடைசெய்தன. நாட்டின் நெல் வயல்களையும் தேயிலைத் தோட்டங்களையும் மரக்கறிச் செய்கையையும் ஒருசேரப் பாதித்த அந்த முடிவுக்குச் சட்டமூலம் ஒன்று தேவைப்படவில்லை. அதே ஆண்டின் நவம்பரில் அரசாங்கமே அந்தத் தடையைக் கைவிட்டது. கைவிடுவதற்கும் ஒரு வர்த்தமானியே போதுமானதாக இருந்தது.

கேள்வி: பெரிய வெங்காயம், உருளைக்கிழங்கு, சீனி ஆகியவற்றின் இறக்குமதி மீதான வரி, அதாவது விசேட வியாபாரப் பண்ட அறவீடு, நள்ளிரவோடு மாறுகிறது. காலையில் கடையைத் திறக்கும்போது புதிய விலைக்கு நாங்கள் ஆயத்தமாக இருக்க வேண்டும். அந்தக் கட்டளை பாராளுமன்றத்துக்கு வரும்போது சரக்கே விற்றுத் தீர்ந்துவிடுகிறது. பிறகு எதிர்த்து வாக்களித்து என்ன ஆகப்போகிறது?
— மொத்த வியாபாரி, நான்காம் குறுக்குத் தெரு, புறக்கோட்டை

பதில்: உங்கள் கடையில் நீங்கள் காண்பது, மேலே நான் எடுத்துக்காட்டிய பிரிவின் நேரடி விளைவு. 2007ஆம் ஆண்டின் 48ஆம் இலக்க விசேட வியாபாரப் பண்ட அறவீட்டுச் சட்டம், அறவீட்டைக் கட்டளை மூலம் விதிக்கவும் மாற்றவும் நிதி அமைச்சருக்கு இடமளிக்கிறது. முன்கூட்டி அறிவித்தால் பதுக்கலுக்கு வழி திறந்துவிடும் என்பது அரசாங்கத்தின் தரப்பு நியாயம். அதில் உண்மை இல்லாமலும் இல்லை. ஆனால் அதே நியாயத்தின் நிழலில், பாராளுமன்றத்தின் அங்கீகாரம் எப்போதும் நடந்து முடிந்த ஒன்றுக்கான அங்கீகாரமாகவே அமைந்துவிடுகிறது.

2020 ஒக்டோபர் 13ஆம் திகதி ஒரு கிலோ சீனிக்கான அறவீடு 50 ரூபாவிலிருந்து 25 சதமாகக் குறைக்கப்பட்டதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அந்தக் குறைப்பின் பயன் யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்ற கேள்வி பின்னர் பாராளுமன்றத்தில் நெடுநாள் எழுந்தது. அத்தகைய ஒரு கட்டளையைப் பாராளுமன்றம் நிராகரிப்பதாக வைத்துக்கொண்டாலும், நிராகரித்த நாளிலிருந்துதான் அது நீங்கும். அதற்கு முன்னர் துறைமுகத்தில் விடுவிக்கப்பட்ட சரக்குக்குச் செலுத்தப்பட்ட அறவீடும் செலுத்தப்படாத அறவீடும் அப்படியே நிற்கும். "பங்கமின்றி" என்ற அந்த ஒரு சொல்லின் பெறுமதி வியாபாரிகளுக்குப் பணக்கணக்கில் தெரியும்.

ஆகவே, வாக்கெடுப்பு நாளுக்கு முன்னரே எதிர்ப்பைத் தெரிவிக்கக்கூடிய இடங்களை நாம் பார்க்க வேண்டும். நிதி சம்பந்தமான கட்டளைகளும் ஒழுங்குவிதிகளும் விவாதத்துக்கு வருமுன் அரசாங்க நிதி பற்றிய குழுவில் ஆராயப்படுகின்றன. ஏனையவற்றைத் துறைசார் மேற்பார்வைக் குழுக்கள் ஆராய்வதுண்டு. அமைச்சின் அதிகாரிகள் அந்த மேசைக்கு வந்து, ஏன் இந்த வீதம், ஏன் இந்தத் திகதி, கணக்கீடு எங்கே என்ற கேள்விகளுக்கு விடையளிக்க வேண்டியிருக்கிறது. குழு ஒரு விதியைத் தானாக ரத்துச்செய்ய முடியாது என்றாலும், குழுவில் எழுப்பப்பட்டு விடை கிடைக்காத ஒரு கேள்வி, அவையில் வாக்கெடுப்பைக் கோருவதற்கு மிக வலுவான அடிப்படையாகும். உங்கள் சங்கத்தின் மனு அவையின் விவாத நாளுக்குப் பிறகு போவதைவிட, குழுவின் அமர்வுக்கு முன் போய்ச் சேர்வதே பயனுள்ளது.

கேள்வி: பிரித்தானியப் பாராளுமன்றத்தில் துணைநிலை விதியை எதிர்க்கும் உறுப்பினர்கள் மன்னரை "வேண்டி" ஒரு பிரேரணை கொடுப்பதாக விரிவுரையில் கேட்டேன். அந்த முறை எப்படி இயங்குகிறது? இங்குள்ளதைவிட அது சிறந்ததா?
— சட்ட மாணவர், கொட்டாஞ்சேனை

பதில்: நீங்கள் கேட்டது சரியே. 1946ஆம் ஆண்டின் நியதிச்சட்ட ஆவணங்கள் பற்றிய சட்டத்தின்படி, அங்கு பெரும்பாலான துணைநிலை விதிகள் எதிர்மறை நடைமுறைக்கு உட்பட்டவை. அமைச்சர் விதியை ஆக்கி இரு சபைகளிலும் சமர்ப்பிப்பார். 40 நாள்களுக்குள் ஏதேனும் ஒரு சபை அதை ரத்துச்செய்யத் தீர்மானிக்காவிட்டால் அது தொடர்ந்து நிற்கும். பாராளுமன்றம் கலைக்கப்பட்டோ ஒத்திவைக்கப்பட்டோ இருக்கும் காலமும், இரு சபைகளும் நான்கு நாள்களுக்கு மேல் கூடாதிருக்கும் காலமும் அந்த 40 நாள் கணக்கில் சேர்வதில்லை. விதி சமர்ப்பிக்கப்பட்டு 21 நாள்கள் கழிந்த பின்னரே நடைமுறைக்கு வர வேண்டும் என்ற வழக்கமும் இருக்கிறது. வெளியான அன்றே நடைமுறைக்கு வரும் நமது வர்த்தமானியோடு ஒப்பிட்டால், அந்த மூன்று வாரம் எதிர்ப்போருக்குக் கிடைக்கும் மிகப்பெரிய வசதி.

எதிர்க்கும் உறுப்பினர் கொடுக்கும் பிரேரணையின் வாசகம் பல தலைமுறைகளாக மாறாதது. இன்ன ஆண்டின், இன்ன இலக்கத்தையுடைய, இன்ன திகதியில் ஆக்கப்பட்டு இன்ன திகதியில் இச்சபையில் சமர்ப்பிக்கப்பட்ட ஒழுங்குவிதிகள் ரத்துச்செய்யப்பட வேண்டுமென வேண்டி, மாட்சிமை தங்கிய மன்னருக்குத் தாழ்மையான விண்ணப்பமொன்று சமர்ப்பிக்கப்பட வேண்டும் என்று அது அமையும். காரணம் எதுவும் அதில் எழுதப்படுவதில்லை. அதற்கான இடம் விவாதந்தான். பொதுமக்கள் சபையில் இது "ஏர்லி டே மோஷன்" என்ற வகையில், அதாவது விவாத நாள் குறிக்கப்படாத பிரேரணையாக, அறிவித்தல் ஏட்டில் ஏறும். உடன்படும் ஏனைய உறுப்பினர்கள் அதன்கீழ்த் தம் பெயர்களைச் சேர்த்துக்கொண்டே போகலாம். விவாதம் நடக்காவிட்டாலும், எந்தெந்த உறுப்பினர்கள் அந்த விதியை மறுத்தார்கள் என்பது பெயர்ப்பட்டியலோடு அன்றே அச்சில் நிலைத்துவிடுகிறது. இதைத்தான் அந்த முறையின் தலையாய சிறப்பாக நான் கருதுகிறேன். அரசாங்கத்தின் தயவோ சபாநாயகரின் நேர ஒதுக்கீடோ தேவைப்படாமல், தனி உறுப்பினர் ஒருவர் தம் மறுப்பைச் சபையின் ஏட்டில் ஏற்றும் வழி அது.

பலவீனமும் அதே இடத்தில்தான் இருக்கிறது. நேரம் ஒதுக்குவது அரசாங்கத்தின் கையில் உள்ளதால், பெரும்பாலான வேண்டுதல் பிரேரணைகள் 40 நாள்களும் விவாதமின்றியே கழிந்துபோகின்றன. பிரதான எதிர்க்கட்சித் தலைவரின் பெயரில் வருவனவற்றுக்கு விவாதம் கிடைப்பதுண்டு. அதுவும் சில வேளைகளில் ஒரு சிறு குழுவுக்கே அனுப்பப்படும். அக்குழு விதியை "ஆராய்ந்தது" என்ற பிரேரணையில்தான் வாக்களிக்கும். குழுவில் எதிர்ப்போர் வென்றாலும் விதி வீழ்ந்துவிடாது. திருத்தவும் முடியாது, ஏற்பது அல்லது முழுமையாக மறுப்பது என்ற இரண்டே வழிகள். பொதுமக்கள் சபை ஒரு துணைநிலை விதியை இம்முறையில் கடைசியாக ரத்துச்செய்தது 1979 ஒக்டோபர் 24ஆம் திகதி. மண்ணெண்ணெய்யின் உச்ச சில்லறை விலைக் கட்டுப்பாட்டை நீக்க வந்த கட்டளை அன்று வீழ்ந்தது.

அண்மைய உதாரணம் 2024இல் நடந்தது. முதியோருக்கான குளிர்கால எரிபொருள் கொடுப்பனவை மட்டுப்படுத்திய ஒழுங்குவிதிகளை ரத்துச்செய்யக் கோரிய எதிர்க்கட்சியின் பிரேரணை செப்டெம்பர் 10ஆம் திகதி 228க்கு 348 என்ற வாக்குகளால் தோற்றது. ஆயினும் அந்த வாக்கெடுப்பில் ஒவ்வொரு தொகுதியின் முதியோரும் தம் உறுப்பினர் எப்பக்கம் நின்றார் என்பதைப் பெயரோடு அறிந்துகொண்டார்கள். அடுத்த ஆண்டு ஜூனில் அதே அரசாங்கம் அந்த மட்டுப்படுத்தலின் பெரும் பகுதியைக் கைவிட்டது. வாக்கெடுப்பு ஒன்றே அதற்குக் காரணம் என்று நான் கூறவில்லை. ஆனால் அந்தப் பெயர்ப்பட்டியல் இல்லாதிருந்தால், தொகுதி மக்களின் கேள்வி யாரை நோக்கிப் போக வேண்டும் என்பதே தெளிவற்றுப் போயிருக்கும்.

பிரபுக்கள் சபையில் எதிர்ப்புக்கு மேலும் சில படிகள் உண்டு. விதியை அடியோடு வீழ்த்தும் பிரேரணை ஒன்று. விதியை விட்டுவைத்து, அதன் குறைகளைக் குறிப்பிட்டு வருத்தம் தெரிவிக்கும் பிரேரணை மற்றொன்று. சட்டமூலங்களைத் தாமதப்படுத்த மட்டுமே பிரபுக்களுக்கு அதிகாரம் அளிக்கும் 1911, 1949ஆம் ஆண்டுகளின் பாராளுமன்றச் சட்டங்கள் துணைநிலை விதிகளுக்குப் பொருந்துவதில்லை. ஆகவே அங்கே அவர்களுக்கு முழு மறுப்பதிகாரம் இருக்கிறது. இருந்தும் அதை அவர்கள் மிக அரிதாகவே பயன்படுத்தியிருக்கிறார்கள்: 1968இல் தென் ரொடீசியா (இன்றைய சிம்பாப்வே) மீதான தடைகள் பற்றிய கட்டளை, 2000ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரத் தேர்தல் செலவுகள் பற்றிய கட்டளை ஆகியன அவ்வாறு வீழ்ந்தவை. 2015 ஒக்டோபரில் வரிச் சலுகை விதிகளை அவர்கள் நிராகரிக்காமல் தாமதப்படுத்தியதே பெரும் சர்ச்சையாகி, பிரபுக்களின் அதிகாரத்தை மீளாய்வு செய்ய அரசாங்கம் ஒருவரை நியமிக்கும் அளவுக்குப் போயிற்று. இவை தவிர, சபையின் முடிவோடு உடன்படாத பிரபு ஒருவர், தம் மறுப்பைக் காரணங்களுடன் எழுதிச் சபையின் நடவடிக்கை ஏட்டில் ஏற்றும் பழைய உரிமையும் நிலையியற் கட்டளைகளில் இன்றுவரை இருக்கிறது.

சிறந்ததா என்ற உங்கள் வினாவுக்கு விடை: முன்னறிவித்தலிலும் தனி உறுப்பினரின் பதிவுரிமையிலும் அது சிறந்தது. அங்கீகாரத்துக்காக விதியை அவைக்குக் கொண்டுவரும் கடமை அரசாங்கத்தின் மீது இருக்கிறது என்பதில் நமது முறை சிறந்தது. அங்கே எதிர்ப்பவர் ஓட வேண்டும். இங்கே ஆக்கியவர் வர வேண்டும். "வசதியான அளவு விரைவில்" என்ற சொற்களுக்குப் பதிலாகத் திட்டமான நாள் எண்ணிக்கை ஒன்று நம் சட்டங்களில் இருந்தால், நமது முறை மிகவும் வலுவுள்ளதாகிவிடும்.

கேள்வி: என் தங்கையின் மகன் படகில் அவுஸ்திரேலியா போனவன். தற்காலிகப் பாதுகாப்பு வீசா கொடுக்கப்போவதாக 2013இல் சொன்னார்கள், பிறகு இல்லை என்றார்கள், பிறகு மறுபடி கொண்டுவந்தார்கள். அந்த நாட்டு செனட் சபை ஏதோ செய்ததாகச் சொன்னான். அது என்ன?
— குடும்பத் தலைவி, தெஹிவளை

பதில்: அம்மா, நீங்கள் குறிப்பிடுவது இப்பகுதியின் விடயத்துக்கு மிகப் பொருத்தமான உதாரணம். 2013 ஒக்டோபரில் அங்கு புதிதாகப் பதவிக்கு வந்த அரசாங்கம், தற்காலிகப் பாதுகாப்பு வீசாவைச் சட்டத்தால் அன்றி ஒழுங்குவிதியால் மீண்டும் கொண்டுவந்தது. செனட்டில் அந்த அரசாங்கத்துக்குப் பெரும்பான்மை இருக்கவில்லை. 2013 டிசெம்பர் 2ஆம் திகதி செனட் அந்த ஒழுங்குவிதியை அனுமதி மறுத்துத் தீர்மானித்தது. அக்கணமே அது வலுவிழந்தது.

அந்நாட்டுச் சட்டத்தில் இரண்டு ஏற்பாடுகள் கவனத்துக்குரியவை. விதி சமர்ப்பிக்கப்பட்டு 15 அமர்வு நாள்களுக்குள் அனுமதி மறுப்புப் பிரேரணைக்கு எந்தவோர் உறுப்பினரும் அறிவித்தல் கொடுக்கலாம். கொடுத்த பின் மேலும் 15 அமர்வு நாள்களுக்குள் அந்தப் பிரேரணை விவாதித்துத் தீர்க்கப்படாவிட்டால், விதி தானாகவே அனுமதி மறுக்கப்பட்டதாகிவிடும். இலண்டனில் அரசாங்கம் நேரம் ஒதுக்காவிட்டால் எதிர்ப்பு வீணாகும். கன்பராவில் அரசாங்கம் நேரம் ஒதுக்காவிட்டால் விதியே போய்விடும். சபையின் மௌனம் யாருக்குச் சாதகமாகக் கணக்கிடப்படுகிறது என்ற இந்த ஒரே வேறுபாடு, தனி உறுப்பினர் ஒருவரின் அறிவித்தலுக்கு மிகுந்த வலுவைக் கொடுத்துவிடுகிறது. இரண்டாவது ஏற்பாடு, அனுமதி மறுக்கப்பட்ட விதியின் சாரத்தையே கொண்ட வேறொரு விதியை ஆறு மாதங்களுக்குள் மீண்டும் ஆக்க முடியாது என்பது.

ஆனாலும் உங்கள் தங்கை மகனின் அலைச்சல் அத்துடன் முடியவில்லை. வீசாக்களின் எண்ணிக்கைக்கு அமைச்சர் வரம்பு விதிக்க முயன்றார். அதை 2014இல் அந்நாட்டின் அதியுயர் நீதிமன்றம் செல்லாதென்றது. பின்னர் அரசாங்கம் முறையான சட்டமூலம் ஒன்றைக் கொண்டுவந்து, செனட்டின் சிறு கட்சிகளோடு பேரம்பேசி, அந்த ஆண்டு டிசெம்பரில் தற்காலிக வீசாவை மீண்டும் நிலைநாட்டியது. செனட்டின் மறுப்பு, வர்த்தமானியில் முடிந்திருக்கக்கூடிய ஒரு விடயத்தை முழுமையான சட்டமூல விவாதத்துக்குக் கொண்டுபோனது. எதிர்த்தோர் விரும்பிய முடிவு அதனால் கிடைக்கவில்லை. ஆனால் பல்லாயிரம் பேரின் எதிர்காலம் இரு சபைகளிலும் வெளிப்படையாக விவாதிக்கப்பட்டே தீர்மானிக்கப்பட்டது.

கேள்வி: அவசரகால ஒழுங்குவிதிகளை எதிர்த்து நமது உறுப்பினர்கள் எத்தனையோ தடவை வாக்களித்தார்கள், ஒவ்வொரு தடவையும் தோற்றார்கள். தோற்கும் என்று தெரிந்த வாக்கைப் பதிவு செய்வதில் அர்த்தம் இருக்கிறதா?
— வங்கி ஊழியர், பம்பலப்பிட்டி

பதில்: இருக்கிறது என்றே உறுதியாகக் கருதுகிறேன்.

முதலில் எதன் மீது வாக்களிக்கப்படுகிறது என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். 1947ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கப் பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் ஆக்கப்படும் அவசரகால ஒழுங்குவிதிகள், அரசியலமைப்பைத் தவிர்ந்த எந்தச் சட்டத்தையும் மேவவோ திருத்தவோ இடைநிறுத்தவோ வல்லவை என்று 155ஆவது உறுப்புரை கூறுகிறது. ஆனால் 14 நாள்களுக்குள் பாராளுமன்றம் அங்கீகரிக்க வேண்டியது அவசரகாலப் பிரகடனத்தையே. ஒழுங்குவிதிகளின் ஒவ்வொரு பந்தியும் தனித்தனியே வாக்குக்கு வருவதில்லை. அதேவேளை, ஒழுங்குவிதி ஒன்றைத் தீர்மானத்தின் மூலம் கூட்டவோ மாற்றவோ நீக்கவோ பாராளுமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்று அதே கட்டளைச் சட்டத்தின் 5ஆவது பிரிவு ஏற்பாடு செய்கிறது. பிரகடனத்தை முழுமையாக எதிர்க்க விரும்பாத உறுப்பினரும்கூட, குறிப்பிட்ட ஒரு விதியை, உதாரணமாகத் தடுத்துவைப்புப் பற்றியதையோ துண்டுப்பிரசுரம் பற்றியதையோ, நீக்கக் கோரித் தனிப் பிரேரணை கொடுக்க இப்பிரிவு வழி தருகிறது. இந்த வழி பெரும்பாலும் பயன்படுத்தப்படாமலே கிடக்கிறது என்பது எனக்கு மிகுந்த கவலையைத் தருகிறது.

2011 ஓகஸ்ட் இறுதியில் அவசரகால நிலை நீங்கும்வரை, போர்க்காலத்திலும் அதன் பின்னரும் மாதந்தோறும் நீடிப்பு விவாதம் நடந்தது. எண்ணிக்கையில் அவை தோற்ற வாக்கெடுப்புகள். ஆனால் வடக்கு கிழக்கிலும் கொழும்பு லொட்ஜுகளிலும் நடந்த கைதுகளும் சுற்றிவளைப்புகளும் காணாமற்போனோர் பற்றிய முறைப்பாடுகளும் அந்த மாதாந்த விவாதங்களில்தான் திகதியோடு பதிவாயின. ஹன்சாட் பேச்சைப் பேசிய மொழியிலேயே அச்சிடுவதால், அவை தமிழிலேயே இருக்கின்றன. அக்காலத்தை ஆராயும் எவரும் அந்தப் பக்கங்களைத் தவிர்த்துவிட முடியாது.

நீதிமன்றத்தைப் பற்றியும் கூற வேண்டும். நமது நாட்டில் சபாநாயகர் சான்றுப்படுத்திய சட்டமொன்றின் செல்லுபடியை, 80ஆவது உறுப்புரை காரணமாக, பின்னர் எந்த நீதிமன்றிலும் கேள்விக்குட்படுத்த முடியாது. துணைநிலை விதி அப்படியன்று. வழங்கப்பட்ட அதிகாரத்தை மீறினால் அதை எழுத்தாணை (ரிட்) மனுவின் மூலமும், அடிப்படை உரிமையை மீறினால் 126ஆவது உறுப்புரையின் கீழ் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்திலும் எதிர்க்கலாம். 1998 ஓகஸ்டில் அவசரகாலப் பிரகடனமும் ஒழுங்குவிதியும் கொண்டு ஐந்து மாகாண சபைகளின் தேர்தல்கள் நிறுத்தப்பட்டபோது, 1999 ஜனவரியில் உயர் நீதிமன்றம் வாக்காளரின் அடிப்படை உரிமை மீறப்பட்டதெனத் தீர்ப்பளித்தது.

2022 ஜூலை 17ஆம் திகதி பதில் ஜனாதிபதி விடுத்த அவசரகாலப் பிரகடனத்தை, அதே மாதம் 27ஆம் திகதி பாராளுமன்றம் 63க்கு 120 என்ற வாக்குகளால் அங்கீகரித்தது. மூன்று ஆண்டுகள் கழித்து, 2025 ஜூலை 23ஆம் திகதி, அந்தப் பிரகடனம் அடிப்படை உரிமைகளை மீறியது என்று உயர் நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பளித்தது. அந்த 63 பேரின் வாக்கு அன்று எதையும் தடுக்கவில்லை. ஆயினும் பிரகடனம் செய்யப்பட்ட சில நாள்களுக்குள்ளேயே, அது தவறானது என்று மக்கள் பிரதிநிதிகளுள் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவானோர் பெயரிட்டுப் பதிந்திருந்தனர். ஏனெனில் அன்று வாக்களித்தோர் மொத்தம் 183 பேராக இருந்தாலும் அவையின் முழு எண்ணிக்கை 225. வாக்களிக்காமல் விட்ட 42 பேரைப் பற்றித் தீர்ப்பு வந்த பின் எவராலும் எதுவும் கூற முடியவில்லை.

இலண்டனிலும் இதை ஒத்த ஒன்று நடந்தது. ஆர்ப்பாட்டங்களால் ஏற்படும் "பாரதூரமான இடையூறு" என்பதன் எல்லையைத் தாழ்த்தும் ஏற்பாட்டைச் சட்டமூலத்தில் பிரபுக்கள் நிராகரித்த பின்னர், அதே ஏற்பாட்டை உள்துறை அமைச்சர் 2023இல் ஒழுங்குவிதியாகக் கொண்டுவந்தார். அதை வீழ்த்தும் பிரேரணை 68க்கு 154 என்ற வாக்குகளால் பிரபுக்கள் சபையில் தோற்றது. வருத்தம் தெரிவிக்கும் பிரேரணை நிறைவேறியது. 2024 மேயில் மேல் நீதிமன்றம் அந்த ஒழுங்குவிதிகள் சட்டவிரோதமானவை என்றது; 2025 மேயில் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது.

தோற்ற பிரேரணை சில வேளைகளில் அமைச்சரின் வாக்குறுதியையாவது பெற்றுத் தரும். இணைய இடையீட்டாளர்கள் பற்றிய 2011ஆம் ஆண்டு விதிகளை ரத்துச்செய்யக் கோரி, இந்திய மாநிலங்களவையில் அதன் உறுப்பினர் பி. ராஜீவ் 2012 மேயில் கொண்டுவந்த பிரேரணை நிறைவேறவில்லை. ஆனால் விவாதத்தின் முடிவில், சம்பந்தப்பட்ட தரப்புகளோடு கலந்தாலோசிப்பதாக அமைச்சர் கபில் சிபல் அவையில் உறுதியளிக்க நேர்ந்தது.

கேள்வி: வாக்களிக்காமல் விலகியிருப்பதும் ஒருவகை எதிர்ப்புத்தானே?
— பல்கலைக்கழக மாணவி, மருதானை

பதில்: அவையில் இருந்துகொண்டு, இலத்திரனியல் வாக்களிப்பில் விலகியிருப்பதாகப் பதிவு செய்தால், அதை ஒரு நிலைப்பாடாக ஏற்கலாம். அவைக்கு வராமலோ மணி ஒலித்ததும் வெளியேறியோ விடுவது வேறு. நோய், வெளிநாட்டுப் பயணம், கட்சியின் அழுத்தம், கொள்கை ஆகிய நான்கும் ஏட்டில் ஒரே வெற்றிடமாகத்தான் தெரியும். தம் மறுப்பை மக்கள் அறிய வேண்டும் என்று விரும்பும் உறுப்பினர் அந்த வெற்றிடத்துக்குள் ஒதுங்கக் கூடாது.

கேள்வி: எங்கள் உறுப்பினர் ஒரு ஒழுங்குவிதிக்கு எப்படி வாக்களித்தார் என்பதை நாங்களே தேடிப் பார்க்க முடியுமா? அவருக்கு எழுதுவதானால் என்ன எழுதுவது?
— சிறுகடை உரிமையாளர், கொச்சிக்கடை

பதில்: முடியும். அதிவிசேட வர்த்தமானியின் இலக்கத்தை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். 2226/48 என்றால், சாய்கோட்டுக்கு முன்னுள்ளது அந்த வாரத்தின் வர்த்தமானி இலக்கம். பின்னுள்ளது அவ்வாரத்தில் வெளியான அதிவிசேட வர்த்தமானிகளின் வரிசை எண். அரசாங்க அச்சகத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் மும்மொழியிலும் அதைப் படிக்கலாம். பாராளுமன்ற இணையத்தளத்தில் ஒழுங்குப் பத்திரமும் ஹன்சாட்டும் வெளியாகின்றன. விவாதத்தின் இறுதிப் பக்கங்களில், வாக்கெடுப்பு கோரப்பட்டிருந்தால், பெயர்ப்பட்டியலைக் காண்பீர்கள்.

கடிதம் எழுதும்போது பொதுப்படையான மனக்குறையாக எழுதாதீர்கள். வர்த்தமானி இலக்கம், உங்கள் தொழிலைப் பாதிக்கும் பந்தியின் எண், அதனால் உங்கள் கடையில் மாறிய விலை அல்லது நிபந்தனை ஆகியவற்றை எழுதி, அந்த விதி அவைக்கு வரும் நாளில் பெயர் கூறி வாக்கெடுப்பைக் கோருமாறு நேரடியாகக் கேளுங்கள். உங்கள் மாவட்டத்திலிருந்து தெரிவான உறுப்பினர்கள் எல்லோருக்கும், ஆளுங்கட்சியினர் உட்பட, அதே கடிதத்தின் பிரதியை அனுப்புங்கள். அரசாங்க நிதி பற்றிய குழுவுக்கோ உரிய துறைசார் குழுவுக்கோ ஒரு பிரதி போக வேண்டும். ஒழுங்குப் பத்திரத்தில் அந்த விதி இடம்பெறும் வரை காத்திருக்காமல், வர்த்தமானி வெளியான வாரத்திலேயே அதை அனுப்பிவிடுங்கள்.